தறிக்குழியும் திண்ணைப் பள்ளியும்

ஆரணிக்கு வருகிறவர்கள் கமண்டல நாகநதியின் கரையில் புதுக்காமூரில் எழுந்தருளியிருக்கும் புத்திரகாமேட்டீஸ்வரரைத் தரிசிக்காமல் திரும்புவது அரிது. தசரத சக்கரவர்த்தி புத்திரகாமேஷ்டி யாகம் செய்த ஸ்தலம் இதுவே என்பது உள்ளூர் ஐதிகம். சந்தானமில்லாத தம்பதிகள் எங்கெங்கிருந்தோ இங்கே வந்து பிரார்த்தனை செய்துகொள்கிறார்கள். பிள்ளை வரம் கேட்பதற்கு இவ்விதம் ஊரிலேயே ஒரு சந்நிதி இருக்கிறது. அவ்வரம் பலித்துப் பிறந்த பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பும்போது, அவனை எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தப் பாஷையில் வைப்பது என்ற கேள்விக்கு விடை கேட்கத்தான் சந்நிதி எதுவும் இல்லை. பட்டுத்தறிக்குப் பேர்போன இந்த ஊரில், அதிலும் நெசவு செய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்களில், அந்தக் கேள்வி தலைமுறை தலைமுறையாக எழுந்துகொண்டே வந்திருக்கிறது.

இக்காலத்தில் சிங்கப்பூரிலும் லண்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறியிருக்கும் நம்மவர்கள், வீட்டில் ஒரு பாஷையும் வெளியில் வேறொரு பாஷையும் பேசும் தம் குழந்தைகளை எந்த ஆரம்பப் பள்ளியில் சேர்ப்பது என்று கவலைப்படுவதைக் கேட்கிறோம். இது விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு பிறந்த கவலை என்று அவர்களிற் பலர் நினைக்கிறார்கள். ஆரணிச் சௌராஷ்டிரர் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தை தாயாரிடம் தாகத்துக்குப் 'பானி' கேட்டுவிட்டு, வாசற்படியைத் தாண்டியதும் எதிர்வீட்டுப் பாட்டியிடம் தண்ணீர் கேட்கும். ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுகிறோம் என்ற உணர்ச்சியே அதற்கு இராது. கடல் தாண்டாமலேயே அயல்நாட்டில் வாழும் குழந்தை அது. அந்த வாசம் தொடங்கிச் சில நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன.

பட்டுநூற்காரர் என்று பழைய தஸ்தாவேஜுகள் குறிப்பிடும் இந்தச் சமூகத்தார் தங்கள் பூர்வோத்தரத்தைச் சொல்லும்போது மந்தசோர்க் கல்வெட்டைக் காட்டுவது வழக்கம். தென் குஜராத்தாகிய லாட தேசத்தினின்றும் புறப்பட்டு, இன்றைய மந்தசோராகிய தசபுரத்துக்கு வந்து குடியேறிய பட்டு நெசவாளர் சங்கத்தார், கி.பி. 436-இல் அங்கே சூரியனுக்கு ஓர் ஆலயம் எடுப்பித்து, அது சிதைவுற்றபோது 473-இல் புதுப்பித்த வரலாற்றை வத்ஸபட்டி என்னும் கவி அந்தச் சாசனத்தில் சம்ஸ்கிருதச் சுலோகங்களாக இயற்றியிருக்கிறார். அந்த நெசவாளரும் நம் ஆரணி நெசவாளரும் ஒரே கொடியின் கணுக்கள்தாமா என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் வாதித்துக்கொள்ளட்டும். நம் விஷயத்துக்கு வேண்டியது அச்சாசனம் போகிற போக்கில் சொல்லும் ஒரு செய்தி: குடியேறிய சங்கத்தாரில் சிலர் குலத்தொழிலாகிய நெசவையே விடாது பற்றியிருக்க, சிலர் வில்வித்தையிலும் சிலர் கதை சொல்வதிலும் சிலர் சோதிடத்திலும் தேர்ச்சி பெற்றார்களாம். ஊர் மாறிய குடும்பத்தில் பிள்ளைகளின் படிப்பு பல கிளையாகப் பிரிவது பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லிற் பொறிக்கத்தக்க சமாசாரமாய் இருந்திருக்கிறது.

பிறகு விஜயநகர ராஜ்யமும் நாயக்கர் ஆட்சியும் ஆதரவளிக்க, பட்டின் தேவை இருந்த இடங்களிலெல்லாம் இவர்கள் தங்கி, மதுரை, கும்பகோணம், சேலம், காஞ்சிபுரம், வாலாஜாபேட்டை, ஆரணி என்று தமிழ்நாடெங்கும் பரவினார்கள். வந்த வழியெல்லாம் அவர்கள் பாஷையில் ஒட்டிக்கொண்டது. மராட்டியும் தெலுங்கும் தமிழும் கலந்து, அடிப்படை மட்டும் பழைய குஜராத்தியாக நின்ற அந்தப் பேச்சைக் கிரியர்ஸன் தம் இந்திய மொழி ஆய்வின் ஒன்பதாவது தொகுதியில் 'பட்டுநூலி' என்ற பெயரால் குஜராத்தியோடு சேர்த்தார். பேசும் பாஷை இவ்வாறிருக்க, எழுத்துக்கும் சங்கீதத்துக்கும் அவர்கள் நெடுங்காலம் தெலுங்கையே கையாண்டார்கள். ஆரணிக்கு அண்மையிலுள்ள வாலாஜாபேட்டையில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர், தியாகராஜ ஸ்வாமிகளின் பிரதான சிஷ்யர், பிறப்பாற் சௌராஷ்டிரர். அவர் தம் கீர்த்தனைகளைத் தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் இயற்றியதோடு தாய்மொழியிலும் பாடினார். மூன்று பாஷையும் அவர் நாவில் வழங்கின. அவற்றுள் பள்ளியில் இடம் பெறாதது தாய்மொழி ஒன்றே.

இனி ஆரணியைப் பார்ப்போம். மராட்டிய தேசஸ்த பிராமண வம்சத்தார் ஜாகீர்தாராய் இருந்து ஆண்ட ஊர் இது. ஆதலால் ஜாகீர்க் கச்சேரியில் மராட்டி நடமாடிற்று. ஆற்காட்டு நவாபின் சீமை. ஆதலால் பெரிய வியவகாரங்களுக்குப் பாரசீகம் வேண்டியிருந்தது. வடக்கே சித்தூர் வரை ஒரே ஜில்லாவாய் இருந்தமையால் தெலுங்கு அயல் பாஷையாகத் தோன்றவே இல்லை. 1911-இல் சித்தூர் ஜில்லா தனியே பிரிக்கப்பட்ட பிறகுதான் வட ஆற்காட்டார் தெலுங்கை எல்லைக்கு அப்பாலுள்ள ஒன்றாகப் பார்க்கலாயினர். இங்கிலீஷ் பீரங்கியின் வாயிலாக வந்தது: 1751-ஆம் வருஷம் டிசம்பரில் கிளைவும், 1782-ஆம் வருஷம் ஜூனில் ஹைதர் அலியை எதிர்த்து அயர் கூட்டும் ஆரணியருகே சண்டை போட்டார்கள். இவ்வளவுக்கும் அடியில், வயலிலும் சந்தையிலும் கோவிலிலும் தமிழ் இருந்தது. ஒரு நெசவாளி தன் மகனைப் படிக்க வைக்க நினைத்தபோது, 'எது நம் பாஷை?' என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கமாட்டான். கூலியும் பாக்கியும் எந்தப் பாஷையிற் பதியப்படுகின்றன, பட்டு கொள்முதல் செய்யப் போகும் ஊரில் எந்த எழுத்தில் சீட்டு எழுதித் தருகிறார்கள் என்பவையே அவன் கேள்விகள். கணக்கு நோட்டின் பாஷைதான் பள்ளியின் பாஷை. இதை இழிவென்று நினைப்பதற்கு நியாயமில்லை. இன்றைய தகப்பனார் வேலைவாய்ப்பின் பாஷை எது என்று பார்ப்பதும் இதே கணக்குத்தான்.

அந்தக் காலத்துப் பள்ளி என்பது பெரும்பாலும் யாரோ ஒரு கனவானின் வீட்டுத் திண்ணை. விஜயதசமியன்று பிள்ளையை அலங்கரித்து அழைத்துச் சென்று, தட்டில் பரப்பிய அரிசியில் உபாத்தியாயர் அவன் விரலைப் பிடித்து முதலெழுத்தை வரைவிப்பார். 'அரி நமோத்து சிந்தம்' என்று தொடங்கியதனால்தான் அந்த முதற்புத்தகத்துக்கு அரிச்சுவடி என்று பெயர் வந்தது என்பார்கள். பிறகு மணலில் எழுத்து. கை திருந்தியதும் ஓலையும் எழுத்தாணியும். அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை. மூத்த பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளையாய் இருந்து இளையவர்களுக்கு முறை சொல்லிக் கொடுப்பான். எழும்பூர் ஆண்பிள்ளை அனாதை ஆசிரமத்தின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் முறையைத் தம் ஆசிரமத்தில் ஏற்படுத்தி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு புத்தகம் அச்சிட, இங்கிலாந்துத் தேசத்து ஏழைப் பள்ளிகள் 'மதராஸ் முறை' என்று அதனைக் கொண்டாடின. நம் சட்டாம்பிள்ளைக்குக் கிடைத்த கீர்த்தி அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

நெசவாளி தன் மகனைத் திண்ணைக்கு அனுப்பியதற்கு முக்கியக் காரணம் அரிச்சுவடி அன்று, எண்சுவடி. ரூபாயைக் காலாகவும் அரைக்காலாகவும் வீசமாகவும் பிளந்து, மாவையும் காணியையும் கடந்து, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரையில் வாய்ப்பாடாக நாவில் ஏற்றிவிட்ட சிறுவனைப் பட்டு எடையிலும் சாயக் கூலியிலும் ஒருவரும் ஏய்க்க முடியாது. அந்த வாய்ப்பாட்டைத் தமிழிற் படித்த பிள்ளை, வீட்டிற் சௌராஷ்டிரம் பேசினாலும் மனத்துக்குள் கூட்டுவதும் கழிப்பதும் தமிழில்தான். இரு பாஷைக்காரர் எந்தப் பாஷையில் எண்ணுகிறார்கள் என்று கவனித்தால், அவர்கள் முதலில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார்கள் என்பது வெளிப்பட்டுவிடும்.

சென்னை மாகாணக் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடங்களின் ஜாபிதாவைக் கேட்டார். ஜில்லாக் கணக்குகளைக் கூட்டி 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தார்கள். ஜனத்தொகையோ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்கு மேல். தமிழ், தெலுங்கு, கன்னடம், மராட்டி, பாரசீகம் என்று பள்ளிகளைப் பாஷைவாரியாகப் பிரித்துக் கணக்கனுப்பிய கலெக்டர்களும் உண்டு. பட்டுநூற்காரர் பாஷைக்கென்று அக்கணக்கில் ஒரு பத்தி கிடையாது. பாஷை இல்லாமற் போய்விட்டது என்பதல்ல காரணம்; அதற்கு வேறோர் இடத்தில் பள்ளி நடந்துகொண்டிருந்தது, அந்த இடத்தைக் கலெக்டரின் குமாஸ்தா எட்டிப் பார்க்கவில்லை.

அது தறிக்குழி. ஆரணியில் கொசப்பாளையத்திலோ அருணகிரிசத்திரத்திலோ, சற்றுத் தள்ளி ஒண்ணுபுரத்திலோ தேவிகாபுரத்திலோ ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால், வீட்டின் நல்ல வெளிச்சமுள்ள பாகத்தைத் தறிதான் ஆக்கிரமித்துக்கொண்டிருக்கும். மனிதர்கள் எஞ்சிய இடத்தில் உண்டு உறங்குவார்கள். தந்தை குழியில் கால் வைத்து மிதியை மிதிக்க, தாய் இராட்டையில் தார் சுற்ற, பாட்டி அறுந்த இழையைப் பிணைக்க, குழந்தை தறி நாடாவின் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளரும். ஐந்து வயதில் தார்க்குச்சி எடுத்துத் தரும்; ஏழு வயதில் தார் சுற்றும்; விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது ஓடி ஓடி உதவும்; உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நிறம் வைத்துக் கோர்வைச் சேலை நெய்யும் வீட்டில், தகப்பனாருக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போடும். 'இழுத்துப் பிடி', 'விடு', 'இழை அறுந்தது பார்' என்னும் ஏவல்களும், அவற்றுக்கிடையே தாத்தாவின் கதைகளும், பண்டிகைப் பாட்டும், உறவினர் வம்பும், வசவும் எல்லாம் அங்கே வீட்டுப் பாஷையில் நடந்தன. நாளொன்றுக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் தாய்மொழி கேட்கவும் பேசவும் கிடைத்த அப்பள்ளிக்கு ஈடான பாஷைப் பள்ளியை எந்தச் சர்க்காரும் நடத்தியதில்லை. தெலுங்குத் திண்ணை போய்த் தமிழ்த் திண்ணை வந்தது. தமிழ்த் திண்ணை போய் இங்கிலீஷ் வந்தது. எழுத்தே பெரும்பாலும் வழங்காத ஒரு பாஷை அவ்வளவையும் தாங்கி நின்றதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இதைச் சொல்லும்போது அந்தக் குழந்தையின் முதுகையும் கண்ணையும் மறந்துவிடுதல் ஆகாது. எண்ணெய் விளக்கடியில் மெல்லிய இழையைப் பார்த்துப் பார்த்து மங்கிய பார்வையும், குனிந்தபடியே வளைந்த கூனும் இந்தப் பள்ளிக்குக் கட்டிய சம்பளம். தறியைப் புகழ்ந்து எழுதும் நகரத்து எழுத்தாளர்கள் பலர் ஒரு நாள்கூடத் தார் சுற்றிப் பார்த்ததில்லை.

ஓர் உபகதை. சேலைக்கு வேண்டிய ஜரிகை, சுமார் இருநூற்று நாற்பது கிராம் கொண்ட 'மார்க்' என்ற அளவிற் கட்டப்பட்டுச் சூரத்திலிருந்து ஆரணிக்கு வருவது. சூரத் பழைய லாட தேசத்து நகரம். முன்னோர் புறப்பட்டு வந்ததாகச் சொல்லும் சீமையினின்றே பொன்னிழை வருகிறது. அதன் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் குஜராத்தி எழுத்தை மட்டும் இங்கே வாங்குகிறவரால் வாசிக்க முடிவதில்லை.

இனி இங்கிலீஷ் படிப்பு வந்த கதை. அமெரிக்க ஆற்காட்டு மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் 1853-இல் ஸ்கட்டர் சகோதரர்களால் ஸ்தாபிக்கப்பட்டது. ஆரணி அதன் ஆரம்ப கால நிலையங்களுள் ஒன்று. விசித்திரம் என்னவென்றால், இங்கிலீஷ் பள்ளி வைத்து ஆள் சேர்ப்பதை அந்த மிஷனைத் தொடங்கியவர்கள் விரும்பவில்லை. ஜனங்களின் பாஷையிலேயே பிரசங்கம் செய்யவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்டவர்கள் பெற்றோர்களே. கச்சேரி உத்தியோகமும் ரெயில்வே உத்தியோகமும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டன. கணக்கு நோட்டின் பாஷை மறுபடியும் மாறிக்கொண்டிருந்தது. மிஷனும் காலக்கிரமத்தில் வழிக்கு வந்து பள்ளிகள் பல நடத்தியது.

சௌராஷ்டிர பாஷைக்கே ஒரு முதற்புத்தகம் வேண்டும் என்ற எண்ணம் மதுரையில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி. எம். ராமராய் என்பவர், வழக்கொழிந்து கிடந்த பழைய லிபியைச் சீர்திருத்தி, அச்செழுத்து வார்ப்பித்து, பாடப்புத்தகங்களும் இலக்கணமும் எழுதினார். அந்தப் பாஷையில் ம, ந, ர, ல என்ற எழுத்துக்களோடு ஹகார மூச்சு கலந்து வரும் ஒலிகள் உண்டு. அவற்றைக் காட்டுவதற்கென்றே 'ஹாரு' என்று ஒரு தனிக் குறி அந்த லிபியில் இருக்கிறது. நாகரியிலோ தமிழிலோ அதற்கு நேரான குறி இல்லை. தமிழ் எழுத்தில் எழுதுவோர் ககர சகரங்களின் தலையில் 2, 3, 4 என்று இலக்கமிட்டுச் சமாளிக்கிறார்கள். ராமராயின் முயற்சிக்கு முதல் இடையூறு வெளியாரிடமிருந்து வரவில்லை. சமூகத்துக்குள்ளேயே ஒரு சாரார் தேவநாகரியே போதும் என்றும், வேறொரு சாரார் தமிழெழுத்தே போதும் என்றும் வாதித்தார்கள். எந்த எழுத்தில் கற்பிப்பது என்பது தீராமலே, மதுரையில் சமூகத்தார் சொந்தப் பணத்தில் எழுப்பிய பள்ளிகளிலும் பாடம் தமிழிலும் இங்கிலீஷிலும் நடந்தது. மதுரை அளவு ஜனபலமும் பணபலமும் இல்லாத ஆரணி இதில் என்ன செய்திருக்க முடியும்?

சுதந்திரத்துக்குப் பின் சட்டம் உதவிக்கு வந்தது. குறைந்தபட்சம் காகிதத்தில் வந்தது. 1949-இல் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள், ஒரு பள்ளியில் நாற்பது பேரோ ஒரு வகுப்பில் பத்துப் பேரோ வேறு தாய்மொழியினராய் இருந்தால் அம்மொழியில் ஓர் உபாத்தியாயராவது வைக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1956-இல் அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற ஷரத்து சேர்க்கப்பட்டு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியிற் கிடைக்க வசதி செய்வது ராஜ்யங்களின் கடமை ஆயிற்று. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருதுக் குழந்தைகளுக்கு இந்த ஏற்பாடு பயன்பட்டது. எட்டாவது அட்டவணையில் இடம் பெறாததும், இன்ன எழுத்து என்று நிச்சயமாகாததும், பயிற்சி பெற்ற உபாத்தியாயர் இல்லாததுமாகிய சௌராஷ்டிரத்துக்கு நாற்பது பிள்ளைகள் இருந்தும் பயன் என்ன?

இதற்கிடையில் 1953-இல் முதன்மந்திரி ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நெசவாளர் கிராமங்கள் மறந்திருக்க முடியாது. கிராமப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்துவிட்டு மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது அதன் சாராம்சம். குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்டு, மறு வருஷம் காமராஜர் பதவியேற்றதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரி என்பதே என் அபிப்பிராயம். தறி வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே காலையும் மாலையும் தார் சுற்றிக்கொண்டுதான் இருந்தான். வறுமை விதித்த அரைநாளைச் சர்க்காரும் தன் கையால் எழுதித் தருவது, அவன் இனி எழுந்திருக்கவேண்டாம் என்று சொல்வதாகும். ஆனாலும் முழுநாட் பள்ளி வந்தபோது, ஒருவரும் கவனிக்காமல் ஒன்று நடந்தது. பிள்ளை தறிக்குழியை விட்டு எழுந்தபோது பாஷைப் பள்ளியை விட்டும் எழுந்துவிட்டான். மதிய உணவும், பிறகு வீதிக்கு வீதி முளைத்த ஆங்கிலப் பள்ளிகளும், விசைத்தறியும், நெசவை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபோன உறவினரும் மிச்ச வேலையைச் செய்தார்கள். முதல் வகுப்பு முதற்கொண்டு எல்லாப் பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயமாக்கும் சட்டம் 2006-இல் வந்தபோது சௌராஷ்டிரர் வீட்டில் பெரிய சலனம் ஏற்பட்டிருக்க நியாயமில்லை. தமிழ் அவர்களுக்கு எப்போதோ இரண்டாம் தாய்மொழி ஆகிவிட்டது.

இப்போது அக்கரைச் சமாசாரம். சிங்கப்பூரில் 1966 முதல் வழங்கும் இருமொழிக் கொள்கையின்படி, ஆங்கிலத்தோடு 'தாய்மொழி' ஒன்றையும் மாணவர் படிக்கவேண்டும். இந்தியக் குழந்தைகளுக்குத் தமிழே அந்த இடத்தில் இருந்தது. 1990-ஐ ஒட்டி இந்தி, வங்காளி, பஞ்சாபி, குஜராத்தி, உருது ஆகியவற்றுக்கும் இடம் கிடைத்தது. ஆரணியிலிருந்து அங்கே போய்க் குடியேறும் ஒரு சௌராஷ்டிரத் தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். இந்திய ஜனக்கணக்கு அவர் பாஷையைக் குஜராத்தியின் கீழே ஒரு கிளையாக அடக்கி எழுதுகிறது. அந்தக் கணக்கின்படி அவர் மகன் குஜராத்தி வகுப்புக்குப் போகவேண்டியவன். போனால் ஒரு வாக்கியமும் விளங்காது. ஆகவே தமிழ் வகுப்பிற் சேர்ப்பார், சேர்ப்பதே விவேகம். ஆரணித் தெரு தந்த பாஷையாவது அவனுக்கு எழுத்தோடு கிடைக்கட்டும். வீட்டுப் பாஷையை, தறி இல்லாத அந்த அடுக்குமாடி வீட்டில், இரவுச் சாப்பாட்டு வேளையில் தாயும் தந்தையும்தாம் கொடுக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு வைத்துக் கொடுக்கக்கூடிய பண்டம் அல்ல அது.

சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் 1,85,420 பேர். 2011-இல் 2,47,702 பேர். தொகை ஏறியிருக்கிறதே என்று மகிழ்கிறவர்கள் மகிழட்டும். கணக்கெடுப்பாளர் கேட்பது பெரியவர்களிடம், தார் சுற்றாத பேரன் வீட்டில் எதில் பதில் சொல்கிறான் என்பது அந்தப் பாரத்தில் பதிவாவதில்லை. ராமராய் வார்ப்பித்த எழுத்துக்கள், ஹாரு உட்பட, 2008-இல் யூனிகோடில் இடம் பெற்றுவிட்டன. கைப்பேசியில் இன்று அவற்றைத் தட்டி எழுதலாம்.

ஆரணியில் பூர்வீக வீடுள்ள வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய பட்டு வீடுகளின் பரண்களில் தாத்தா காலத்துக் கணக்குச் சுவடிகளும் நோட்டுகளும் துணி மூட்டைகளுக்கு அடியிற் கிடக்கக்கூடும். பிள்ளையை எந்தப் பள்ளியில் வைப்பது என்று முடிவு செய்யும் பரபரப்பில் இருந்தாலும், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவற்றைக் கறையானுக்கு முந்திக்கொண்டு கீழே இறக்கி, எந்த எழுத்தில், எந்தப் பாஷையில் எழுதியிருக்கிறது என்று பெரியவர்களை வைத்துப் படித்துப் பாருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.